ஏறிய இடம்

மாமா,

இன்று முற்பகல் லேபில் குக்கர் விசில் அடித்தது. சாம்பிள் டப்பாக்களைக் கொடுக்க வந்த கூரியர் அண்ணன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள சோறு வேகுதா? வாசத்தையே காணோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே கேள்வியை அதே வாசலில் நின்று நீங்களும் ஒரு நாள் கேட்டிருக்கிறீர்கள்.

அன்று நான் மதியச் சாப்பாட்டை எடுக்க மறந்து வந்துவிட்டேன். நீங்கள் விளாங்குடியில் பஸ் ஏறி, தூக்குவாளியோடு ஆரப்பாளையத்தில் இறங்கி, வழி கேட்டு வந்து சேர்ந்திருந்தீர்கள். கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்து, "ஏன் தாயி, வீட்டுலயும் குக்கரு, ஆபீசுலயும் குக்கரா? ஒனக்கு அடுப்ப விட்டு விமோசனமே இல்லையா?" என்றீர்கள்.

நான் விளக்கினேன். உடம்பிலிருந்து எடுக்கிற சதைத்துண்டு கெட்டுப் போகாமலிருக்க அதை ஃபார்மலினில் போட்டு வைப்போம். அதில் கிடந்ததும் துண்டில் உள்ள புரதங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். கண்ணாடிச் சில்லில் ஒட்டிய மெல்லிய சீவலை உப்புக் கரைசலில் போட்டு, குக்கரில் ஏற்றி இறக்கினால் அந்த இறுக்கம் கொஞ்சம் விடும். அப்புறம்தான் நாங்கள் ஊற்றுகிற ஆன்டிபாடி உள்ளே போய், தனக்குரிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். கண்டக்டராக இருந்தபோது கூட்ட நேரத்துப் பஸ்ஸில் யாராவது நீளமாகக் கதை சொன்னால் தலையாட்டுவீர்களாமே, அப்படியே எனக்கும் தலையாட்டிவிட்டு, "சரி, சோறு ஆறிப் போகும், சாப்புடு. நா வாரேன்" என்று கிளம்பிவிட்டீர்கள்.

பெண் பார்க்க வந்தபோதே என் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. "பொண்ணு ரத்தம் எடுக்குற லேபுலயா இருக்கு?" என்று என் அப்பாவிடம் கேட்டீர்கள். நானே முந்திக்கொண்டு, "இல்லைங்க, சதைய மெழுகுல பதிச்சு, சீவி, சாயம் ஏத்தி டாக்டருக்குக் குடுக்குற வேலை" என்றேன். என் அம்மா என்னை முறைத்தாள். நீங்கள் மட்டும், "கையி நடுங்காதுல்ல? அப்பச் சரி" என்றீர்கள். உசிலம்பட்டி வழித்தடத்தில் காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சீட்டுக் கிழித்த கண்டக்டர் நீங்கள். நடுங்காத கையின் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் பிறகுதான் நினைத்துக்கொண்டேன். அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். பெண் வாசனையே இல்லாத வீட்டில், எனக்குச் சமையல் வராது என்று தெரிந்த பிறகும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. நீங்களே ரசம் வைக்கக் காட்டிக் கொடுத்தீர்கள். அதுவும் சுமாரான ரசம்தான், இப்போது சொல்லலாம்.

உங்கள் கால் உடைந்த நாளை நம் வீட்டில் யாரும் மறக்கவில்லை. நீங்கள் விழவில்லை, வழுக்கவில்லை. விளாங்குடி நிறுத்தத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை இறங்கிய அதே படியிலிருந்து தரையில் கால் வைத்தீர்கள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் உங்கள் மகனைத் தனியே கூப்பிட்டார். எலும்பைக் கரையான் அரித்ததுபோல் ஏதோ தின்றிருக்கிறது என்றார். கம்பி வைத்துக் கட்டும்போது ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். நெஞ்சை ஸ்கேன் செய்ததில் நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பீடி. நீங்கள் பீடியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தும், குடித்த காலத்தைக் கணக்கில் வைத்து, நுரையீரலில் தொடங்கி எலும்புக்குப் பரவிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் தம்பி ஊரிலிருந்து வந்து, "அண்ணனுக்குத் தெரிய வேணாம்ப்பா. இருக்குற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்று உங்கள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் மகனும் சரி என்றார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று சாயங்காலமே உங்கள் எலும்புத்துண்டு, பெயர் ஒட்டிய டப்பாவில், என் மேசைக்கு வந்திருந்தது.

டாக்டரம்மாவிடம் போய், "மேடம், இது எங்க மாமனாரோடது" என்றேன். எங்கள் லேபில் கண்ணாடிகளைப் பார்த்து நோயைச் சொல்கிறவர் அவர்தான். "வேற யாரையாச்சும் செய்யச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன்.

எலும்பை அப்படியே சீவ முடியாது மாமா. கல்லைப் போல இருக்கும். அமிலத்தில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, மெதுவாக்கிய பிறகே கத்தி இறங்கும். அப்படித்தான் செய்தோம். வழக்கமான சாயத்தில் பார்த்தபோது புற்றுநோய் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் செல்கள் நசுங்கி, முகம் தெரியாமல் கிடந்தன. எலும்பில் பிறந்தவை இல்லை, வேறெங்கிருந்தோ வந்தவை. அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

"கழுத்துல கட்டி கிட்டி ஏதும் இருக்கா அவருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்குச் சட்டென்று உங்கள் சட்டையின் மேல் பட்டன் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அதைப் போட மாட்டீர்கள். ஒரு தடவை உங்கள் பேத்தி அந்த இடத்தைத் தொட்டு, "இது என்ன தாத்தா உருண்டையா?" என்று கேட்டதற்கு, "அது விசில் ஊதி ஊதி வந்த வீக்கம்டா. எல்லாக் கண்டக்டருக்கும் இருக்கும்" என்றீர்கள். நாங்களும் நம்பிவிட்டோம். அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு உங்களுக்கு இட்லி கொண்டு வந்தேன். உங்கள் மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீங்கள் இட்லியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தாயி, இங்க வா. இப்புடி ஒக்காரு. வந்தவன் போனவன் எல்லாம் என் தலையத் தடவிட்டுப் போறான். நா என்ன பச்சப்புள்ளயா? எனக்கு என்ன?"

நான் குனிந்துகொண்டேன்.

"நீயும் மறச்சீன்னா நா யார்கிட்டத்தா கேக்குறது?"

உங்கள் மகன் கொடுத்த வாக்கு என்னுடையது இல்லை. சொல்லிவிட்டேன். "புத்து நோய்தான் மாமா. எலும்புல இருக்கு, நெஞ்சுலயும் இருக்கு. ஆனா எங்கருந்து கெளம்புச்சுன்னு இன்னும் தெரியல. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "எங்கருந்து கெளம்புச்சுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றீர்கள்.

"அதுக்குன்னு உள்ள வைத்தியத்தப் பண்ணலாம் மாமா. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வைத்தியம்."

"அது சரிதான். சீட்டு வாங்காம நிக்கிறவன் எவனா இருந்தாலும், எந்த ஸ்டாப்புல ஏறுனன்னுதான் நா மொதல்ல கேப்பேன். ஏறுன எடம் தெரியாம என்னத்தக் கிழிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டை இழுத்துக்கொண்டீர்கள். "போ. போயி ஏறுன எடத்தப் பாரு."

அன்று உங்களிடமிருந்து எனக்கு வந்த தைரியம்தான் மாமா, நான் உங்களுக்குக் கொடுத்தது எதுவும் இல்லை.

முதல் முறை ஆன்டிபாடி ஊற்றிப் பார்த்தபோது எதுவும் தெளிவாக வரவில்லை. நுரையீரலுக்கானதும் சரி, தைராய்டுக்கானதும் சரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அமிலத்துல ஊறுனதுல புரதமெல்லாம் செதஞ்சு போயிருக்கும். இத நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஊற வைக்காத துண்டு ஏதாச்சும் மிச்சம் இருக்கா, பாருங்க" என்றார்.

நான் போய் அந்த டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஃபார்மலினின் அடியில், எலும்புத் தூளோடு தூளாக, அரிசிக் குருணை மாதிரி மெத்தென்று ஒரு துணுக்கு கிடந்தது. எலும்போடு சேராத சதை. அதை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்தேன். மெழுகில் பதிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். அது என் விரல் நுனியைவிடச் சின்னது. தவறினால் மறுபடி உங்கள் தொடையைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

சீவினேன். குக்கரில் ஏற்றி இறக்கினேன். தைரோகுளோபுலின் என்று ஒரு புரதம் இருக்கிறது மாமா. மனித உடம்பில் தைராய்டு சுரப்பி மட்டும்தான் அதைச் செய்யும். வேறெந்த உறுப்பும் செய்யாது. அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊற்றி, காத்திருந்து, கழுவி, நிறமேற்றி, டாக்டரம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். என் இடத்துக்குத் திரும்பி வந்து, கையில் வேலை எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அவருடையது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப். குனிந்து பார்த்தேன். செல்லின் கருவான நீல நிறப் புள்ளிகளைச் சுற்றி, எதையோ சிந்தின மாதிரி, அடர்ந்த பழுப்பு. ஒன்றிரண்டு செல்லில் இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை.

"தைராய்டு" என்றார் டாக்டரம்மா. மேசைக்குக் குறுக்கே கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நுரையீரல் இல்ல. அங்க இருக்குறதும் இதுவாத்தான் இருக்கும். இதுக்கு வைத்தியம் இருக்கும்மா."

உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். பேச்சு வரவில்லை. அவர் பயந்து போய், "என்ன, என்ன, சொல்லு" என்று கத்தினார். பக்கத்திலிருந்த தோழி போனை வாங்கித்தான் சொன்னாள்.

உங்களிடம் மட்டும் நானே வந்து சொல்ல வேண்டும் என்றிருந்தேன். வார்டுக்கு ஓடிவந்து, "மாமா, ஏறுன எடம் தெரிஞ்சிருச்சு" என்றேன். "எங்க?" என்றீர்கள். என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். உங்கள் கை தானாகப் போய் அந்த உருண்டையைத் தடவியது. "அட களவாணிப் பயலே! இம்புட்டு நாளா சட்டைக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டா ஊரச் சுத்துன?" என்று நீங்கள் திட்டியதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கழுத்தில் இருந்த சுரப்பியை முதலில் எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடின். தைராய்டு செல் எலும்பில் போய் உட்கார்ந்தாலும் நெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் அயோடினைக் கண்டால் விடாது, உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குணத்தை வைத்தே அதை அழிப்பது. மருந்தைக் குடித்துவிட்டுத் தனியறையில் அடைந்து கிடந்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாடி அறையில் நீங்கள், படிக்கட்டின் அடியில் உங்கள் பேத்தி. அவள் கீழேயிருந்து, "உசிலம்பட்டி ஒண்ணு!" என்று கத்துவாள். நீங்கள் மேலேயிருந்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று குரல் கொடுப்பீர்கள். தெருவே கேட்டுச் சிரிக்கும். கீழே சமையற்கட்டில் நின்று நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

நடக்கத் தொடங்கியதும், "அத நா பாக்கணும்" என்று பிடிவாதமாக லேபுக்கு வந்தீர்கள். டாக்டரம்மாவே நாற்காலி இழுத்துப் போட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "டீக்கறை மாதிரில்ல இருக்கு!" என்றீர்கள். பிறகு, "இதப் பிடிச்சுக் குடுத்துச்சே ஒரு மருந்து, அத எங்க செய்யுறாக?" என்று கேட்டீர்கள்.

"நம்ம ஆளுகளோட புரதத்த முயலுக்கு ஊசியாப் போடுவாங்க மாமா. இது நம்மது இல்லையேன்னு முயல் ஒடம்பு அதப் பிடிக்கிறதுக்கு ஒண்ணு செய்யும். அத ரத்தத்துலருந்து பிரிச்சு எடுக்குறதுதான்."

"முயலா?"

உங்கள் முகம் மாறிவிட்டது. வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னீர்கள்: "எளவட்டத்துல நாங்க சேக்காளிகளாச் சேந்து காட்டுல எம்புட்டு முயல அடிச்சுத் தின்னுருக்கோம் தெரியுமா? அது வந்து என்னையக் காட்டிக் குடுக்காமப் பொழைக்க வச்சிருக்கு பாரு." காட்டிக் கொடுத்துத்தான் பிழைக்க வைத்தது என்று நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு உங்கள் தம்பி வீட்டு விருந்தில் பண்ணை முயல் கறி வைத்தபோது இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டீர்கள். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன்.

அப்படிக் கிடைத்த வருடங்கள் கொஞ்சமில்லை. கரண்டி நுனியளவு சர்க்கரை குறைந்தாலும் காபியைத் திருப்பி அனுப்புகிற மனிதராகவே அந்த வருடங்களை வாழ்ந்தீர்கள். கைத்தடியோடு ஆரப்பாளையம் பஸ் நிலையம் போய், டைம்கீப்பர் அறைக்கு வெளியே உட்கார்ந்து, எந்த வண்டி தாமதம் என்று வம்பு வளர்த்துவிட்டு, சாயங்காலம் எனக்காகக் காத்திருப்பீர்கள்; இருவருமாக ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவோம். பேத்தி கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கூடவே பஸ்ஸில் போய், வாசலில் இறக்கிவிட்டு வந்தீர்கள்.

பிறகு இருமல் வந்தது. நெஞ்சில் இருந்தவை மறுபடி வளர்ந்திருந்தன. இந்த முறை அயோடினை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஊசி வைத்து எடுத்த துணுக்கு மறுபடி என்னிடமே வந்தது. அதே ஆன்டிபாடி, அதே குக்கர், அதே கை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முன்பு அடர்ந்து நின்ற பழுப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிப் போயிருந்தது. செல்கள் தங்களுக்கென்று இருந்த அந்தப் புரதத்தைச் செய்வதை விட்டுக்கொண்டிருந்தன.

நான் மாடியில் துணி காயப்போடும்போது நீங்கள் மேலே ஏறி வந்தீர்கள், மூச்சு வாங்க. "என்ன தாயி, தெரிஞ்சிருச்சா?" உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. சொன்னேன். கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "ஏறுன எடம் அதுக்கே மறந்து போச்சாக்கும்" என்றீர்கள். ஈரச் சேலையை இருவருமாக ஆளுக்கொரு முனை பிடித்து உதறிப் போட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "மொத மொதல்ல கழுத்துலருந்து எடுத்தீகளே, அத என்ன செஞ்சீக? எரிச்சாச்சா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல மாமா. மெழுகுக்குள்ள இருக்கு. அதுல நோய் இல்லாத நல்ல பகுதியும் இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்" என்றேன்.

ஒவ்வொரு முறை இந்தச் சோதனை செய்யும்போதும், நோயாளியின் சீவலுக்குப் பக்கத்திலேயே, அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு சீவலையும் ஒட்ட வேண்டும்; அதைக் கண்ட்ரோல் என்போம். அது பழுப்பானால்தான் மருந்து வேலை செய்தது என்று அர்த்தம். அது பழுப்பாகாவிட்டால் நோயாளியின் முடிவை நம்பவே முடியாது. அதற்கு உங்கள் சுரப்பியின் நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அப்ப நா சாட்சி."

"ஆமா மாமா."

"சாட்சி சொல்ற ஆளு செத்துட்டா?"

"மெழுகுல இருக்குறது அப்புடியே இருக்கும் மாமா. எம்புட்டு வருசமானாலும்."

நீங்கள் சிரித்தீர்கள். இருமல் குறுக்கிட்டது, அது அடங்கியதும் மறுபடி சிரித்தீர்கள். "எடுத்துக்க தாயி. பொய்ச் சாட்சி மட்டும் நா சொல்ல மாட்டேன்." டாக்டரம்மாவிடமும் வந்து முறைப்படி சம்மதம் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

தை மாதம் முடியும்போது போனீர்கள். மதியச் சாப்பாடு ஆகியிருந்தது. உங்கள் மகன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார், பேத்தி பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நிறுத்துடா" என்று அவளிடம் கை காட்டினீர்கள். அவள் நிறுத்தினாள். அவ்வளவுதான்.

உங்கள் மெழுகுக் கட்டி என் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. யாருடையது என்று அதில் எழுதவில்லை; எங்களுக்குத் தெரியும். இதுவரை எத்தனை பேருடைய துணுக்குக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் உங்களைத்தான் பார்ப்பேன். நீங்கள் நிறம் மாறிவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகே கண்ணாடியைப் பக்கத்துச் சீவலுக்கு நகர்த்துவேன்.

இன்று டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாவின் துணுக்கு. கல்லீரலில் கட்டி, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நீங்கள் பழுப்பாக, அழுத்தமாக நின்றீர்கள். அந்த அம்மாவின் சீவலில் நீலம் மட்டும், ஒரு பொட்டுக்கூடப் பழுப்பு இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கண்ட்ரோல் நல்லா வந்திருக்கு. அப்ப இது தைராய்டு இல்ல. மார்பகத்துக்கு உள்ளதப் போடுங்க. வெளிய அவங்க மக நிக்கிது, இது வரைக்கும் தெரிஞ்சதச் சொல்லிருங்க" என்றார்.

வெளியே வந்தேன். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எழுந்து நின்றாள்.

"எங்கம்மாவுக்கு என்னன்னு தெரிஞ்சிருச்சாக்கா?"

"எது இல்லன்னு தெரிஞ்சிருச்சும்மா. தைராய்டுலருந்து வரல. எங்கருந்து வந்துச்சுன்னு அடுத்ததப் போட்டுத் தேடுறோம். நாளைக்கு வாங்க."

"இல்லங்குறது நிச்சயந்தானக்கா? மாத்திச் சொல்லிற மாட்டீகள்ல?"

"நிச்சயம்மா. எங்க மாமாவே சொல்லிட்டாரு."

மாமா என்றால் உள்ளே யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெஞ்சில் சாய்ந்திருந்த அம்மாவுக்கு டீ வாங்கப் போனாள்.